முதல் கைதட்டல் கோமதி அக்காவுடையது

கழக்கூட்டம் சந்திப்பில் பேருந்து நகர மறுத்து நின்றபோதுதான் செய்தி வந்தது. காதில் ஏகாம்பரத்தின் மோர்சிங் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய ரசிகர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'டொய்ங்'. அதில் யாரும் காலை வணக்கம் போடுவதில்லை, பூப்படம் போடுவதில்லை. கச்சேரித் துணுக்குகள் மட்டும்தான் வரும். கோமதி அக்காவின் எண்ணைப் பார்த்ததும் எங்கிருந்தோ ஒரு பழைய பதிவைத் தோண்டி எடுத்துவிட்டார் என்று ஆசையாகத் திறந்தேன். "அம்மா காலைல போயிட்டா. ஹார்ட். மகன் பிரபு." அவ்வளவுதான் இருந்தது. காதில் டொய்ங் நிற்கவில்லை. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

ஆரியசாலைக் கடைத்தெருவில் தார்ப்பாயும் கயிறும் மொத்தமாக விற்ற கோமதி அக்காவை உங்களில் பலருக்குக் கடைக்காரராகத் தெரிந்திருக்கும். லாரிக்காரர்களுக்கு அவர் 'தார்ப்பாய் அக்கா'. எங்கள் கூட்டத்துக்கு அவர் யார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கண்ணீரும் கம்பலையுமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் குஷி பிறந்துவிடும். பிறந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஏகாம்பரம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரும்பு வாத்தியம் மோர்சிங். பல்லில் கவ்விக்கொண்டு விரலால் சுண்ட வேண்டும். கச்சேரி மேடையில் கடைசி ஓரத்தில் உட்கார்ந்திருப்பாரே, பெயரை யாரும் சரியாக அறிவிக்காத ஒருவர், அவர் கையில் இருப்பது அது. ஏகாம்பரம் அந்த ஓரத்திலிருந்து எழுந்து வந்து நடு மேடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. வெறுங்காலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி மட்டும். கால் பெருவிரலால் அதை அழுத்தினால் கடைசியாகச் சுண்டிய அதிர்வை அது பிடித்துக்கொண்டு சுழலவிடும், விரல் அழுத்தியிருக்கும்வரை. விரலை எடுத்தால் ஒலி நூலாக மெலிந்து, எந்த நொடியில் அடங்கியது என்றே தெரியாமல் அடங்கும். ஐயோ, அந்த மெலிதல்! அதற்காகத்தான் நாங்கள் வருவோம்.

இப்படிப்பட்ட இசைக்கு ரசிகர் என்றால் ஊர் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. தாடி, கசங்கிய ஜிப்பா, தோளில் துணிப்பை. கஞ்சா அடிப்பவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காதலில் தோற்றவனாகவாவது இருக்க வேண்டும். என் காதிலிருந்து கசிந்த சத்தத்தைக் கேட்ட அலுவலகத் தோழி மெல்லப் பக்கத்தில் வந்து, "சேச்சி டிப்ரஷனிலாணோ?" என்று, எனக்கு மனச்சோர்வோ எனப் பயந்து மலையாளத்தில் விசாரித்தாள். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் இருக்கும் என் அத்தை அவ்வளவு நாசூக்குப் பார்க்கவில்லை. "ஏண்டி, தவளை கத்தறாப்பல இருக்கு. இதுக்கா ஆபீஸுக்கு லீவு போட்டுட்டுப் போறே?" என்றாள். எங்கள் குழுவின் பண்டிதர் ரமணனுக்குத் தாடி உண்டு, ஜிப்பா உண்டு, துணிப்பையும் உண்டு. கஞ்சா மட்டும் இல்லை. அந்த மனிதர் டீகூடக் குடிக்கமாட்டார்.

இந்தப் படத்துக்குள் கோமதி அக்காவை எங்கே பொருத்துவது? நான் அவரை முதலில் பார்த்தபோது அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, கையில் தார்ப்பாய்த் துணியில் தைத்த பெரிய நீலப் பை. கச்சேரி ஒரு வாசகசாலையின் மாடியில். வாசலில் நின்ற தொண்டர் அவரை மறித்து, "அம்மா, கல்யாணம் அப்புறத்து மண்டபத்துலயாக்கும்" என்றார்.

"மோர்சிங் இங்கதானே? பின்னே என்னை எதுக்கு வெரட்டுத?" என்று கேட்டுவிட்டு அக்கா நேராக முதல் வரிசைக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி, நீ அவருக்கு யாரு? பொண்டாட்டியா, தங்கச்சியா?"

"யாரும் இல்லே அக்கா. கேக்க வந்தேன்."

"சும்மா கேக்கவா? பொம்பளப் பிள்ளையா?"

"நீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "அது செரிதான். அப்பம் நாம ரெண்டு பேராச்சு" என்றார். பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். அன்றிலிருந்து அந்த இரண்டு நாற்காலிகளும் எங்களுடையவை.

ஒருமுறை கேமராவும் கையுமாக ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். தார்ப்பாய் விற்கும் அம்மா இப்படியொரு இசையைக் கேட்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், விடுவானா? நானும் அன்று கடையில் இருந்தேன். கணவர் இறந்த துக்கத்தை இந்த இசைதான் ஆற்றியதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அவரு போனது வேற, இது வேற. ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புத?" என்றார் அக்கா.

தார்ப்பாய் காற்றில் படபடக்கும் ஓசைக்கும் மோர்சிங்குக்கும் ஏதோ ஓர் உறவு இருக்கிறதல்லவா என்று அடுத்த தூண்டிலைப் போட்டான்.

"தார்ப்பாய் படபடத்தா எனக்கு எரிச்சலாக்கும் வரும். ஒழுங்கா கெட்டலைன்னு அர்த்தம், கேட்டியா?"

"பின்னே ஏன் அம்மா இதைக் கேக்குறீங்க?"

"சத்தம் நல்லா இருக்கு. உனக்குப் பரோட்டா பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"ஏன்? காரணம் சொல்லு, பாப்போம்."

பையன் கேமராவை மூடினான். அந்தப் பேட்டி எங்கும் வெளிவரவில்லை. எனக்கோ அன்று பெரிய விடுதலை! அதுவரை யாராவது கேட்டால் மன அமைதி, தியானம் என்று நானும் அளந்துகொண்டுதான் இருந்தேன். இப்போது 'சத்தம் நல்லா இருக்கு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மேலே கேட்பவர்களுக்குப் பரோட்டா இருக்கிறது.

இனி அந்தக் கைதட்டல் விஷயம். எங்கள் கூட்டத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்போம். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் கண் திறந்திருப்பவன் அரைகுறை ரசிகன் என்று ஓர் எண்ணம். இன்னொன்று, கடைசி அதிர்வு முழுதாக அடங்கும்வரை கை தட்டக்கூடாது. முந்தித் தட்டியவனைக் கூட்டம் திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரமாட்டான். அதனால் யாருக்கும் முதலில் தட்டத் துணிச்சல் இல்லை. அக்கா மட்டும் ஒருநாளும் தயங்கியதில்லை. நூலாக மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று நாங்கள் தவிக்கும்போது, பளீரென்று முதல் தட்டு அவருடையதாக இருக்கும். அதற்குப் பிறகுதான் மாடி அதிரும். "அது காது இல்லை, வரம். நமக்கெல்லாம் தீர்ந்துபோன பிறகும் அவங்களுக்குக் கேட்டுக்கிட்டிருக்கு" என்று ரமணன் மெய்சிலிர்ப்பார். நாங்களும் சேர்ந்து சிலிர்ப்போம்.

ஒரு சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, அந்தக் காதைப் பற்றி நானும் உருகினேன். அக்காவுக்குச் சாயா புரையேறியது.

"காதா? எனக்கு எடது காது பாதிதான் கேக்கும், பாத்துக்கோ. அவரு கால் பெருவெரலைத் தூக்குவாருல்லா? தூக்குனதும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணித் தட்டுவேன். அம்புட்டுதான்."

"கண்ணைத் திறந்துண்டா கேப்பேள்?"

"மூடுனா தூங்கிருவேன்ட்டி! காலையில இருந்து கடையில நிக்கேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரமணன்ட்ட சொல்லிராத. பாவம், சந்தோசமா இருக்கான்" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கச்சேரியிலிருந்து எனக்கும் கண் திறந்துகொண்டது. அத்தனை பேரும் கண்ணை மூடிப் பரவசத்தில் இருக்க, நாங்கள் இருவர் மட்டும் ஒரு மனிதரின் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்போம்! அடக்க முடியாமல் சிரிப்பு வரும். அக்கா என் தொடையில் கிள்ளுவார். ஒரு மழை நாளில் மட்டும் கணக்குத் தப்பியது. கூரையில் தூறல் விழுந்ததும் குடையை எடுக்கலாம் என்று அக்கா நீலப் பையை மடியிலிருந்து கீழே இறக்கினார். நிமிர்வதற்குள் ஏகாம்பரம் விரலைத் தூக்கிவிட்டார். அக்கா குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எண்ணாமலே அவசர அவசரமாகத் தட்டினார். "என்னட்டி, இன்னிக்கு இப்படிப் பாதியில முடிச்சுட்டாரு?" என்று வழியெல்லாம் குறைபட்டார். அன்று இரவு குழுவில் ரமணன், மழையின் சுருதியைக் கேட்டு இசை தானாக விலகிக்கொண்டது என்று ஒரு நீண்ட பதிவு போட்டார்.

அக்கா இருந்திருந்தால் அவருடைய அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கமாட்டார். பேச்சு அவருக்கு ஆகாது. அதனால் பேச்சு வேண்டாம், நான் வாசிக்கிறேன் என்று ஏகாம்பரமே சொன்னார். நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினார். அதே மாடி. அக்காவின் நாற்காலியைக் காலியாக விட்டிருந்தோம். அதற்கு அடுத்ததில் பிரபு உட்கார்ந்தான். முதல் முறையாக வருகிறான். அப்பா போன தனிமையில்தான் அம்மா இங்கே வந்துகொண்டிருந்தாள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

"சேச்சி, உள்ளது சொல்லுங்க. அம்மாக்கு இதுல என்னா கிடைச்சுது?" என்றான்.

"சத்தம் நன்னா இருக்கும்டா" என்றேன். அவன் நம்பவில்லை.

முதல் கைதட்டலை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். "அக்கா பக்கத்துலேயே உக்காந்தவங்க நீங்க. அந்தக் காது கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்" என்று ரமணன் சொன்னபோது நான் அடக்கத்தோடு தலையசைத்தேன். உள்ளுக்குள் பயமே இல்லை. எனக்குத்தான் ரகசியம் தெரியுமே! ஆனால் தப்பிவிடக் கூடாது என்ற கவலை இருந்தது. அக்காவுக்கான கச்சேரியில் முந்தித் தட்டி அதைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

ஏகாம்பரம் அன்று வாசித்ததை எப்படிச் சொல்வது? பல்லில் இரும்பைக் கவ்விய மனிதர் அப்படிச் சிரிக்க வைப்பாரா! குதித்தது, ஓடியது, திரும்பி வந்து சீண்டியது. பிரபுவின் கால் அவனை அறியாமல் தாளம் போட்டது. கடைசியாக ஒரு சுண்டு. பெருவிரல் பெட்டியை அழுத்தியது. மாடி முழுக்கக் கண்கள் மூடின. அதிர்வு சுழலத் தொடங்கியது.

நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழவில்லை. வழக்கமாக எழும் நேரம் போய்விட்டது. ஒலி மெலியவே இல்லை. சுழல்கிறது, மறுபடி சுழல்கிறது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் கண் திறந்திருந்தது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிரபு என் காதருகே குனிந்து, "சேச்சி, தீந்தோ?" என்றான்.

முந்தித் தட்டினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். தட்டாவிட்டால் இந்த மனிதர் விடியும்வரை காலை எடுக்கமாட்டார் போலிருக்கிறது. மழை நாளில் வீடு திரும்பும் வழியில், குடையோடு குடையாக முந்தித் தட்டியதற்காக நான் அக்காவைக் கேலி செய்தது நினைவுக்கு வந்தது. "முந்தித் தட்டுனா இப்பம் என்ன? பிடிச்சிருக்குன்னு சொல்ல நேரங்காலம் பாக்கணுமோ?" என்று கேட்டிருந்தார்.

தட்டினேன். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பட்டென்று, பலமாகத் தட்டினேன். ரமணன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். மேடையில் பெருவிரல் எழுந்தது. பிரபு எழுந்து நின்று தட்டினான், பிறகு எல்லோரும். அந்த மாடி அப்படி ஒரு தட்டலைக் கேட்டதில்லை.

படியிறங்கும்போது ஏகாம்பரம் என்னிடம் வந்தார். "பை எங்கம்மா?" என்றார்.

"எந்தப் பை?"

"நீலப் பை. அந்த அக்கா மடியில வச்சிருப்பாங்கல்லா? அதக் கீழ எறக்குனா அவங்களுக்குப் போதும்னு அர்த்தம். அதப் பாத்துத்தான் நான் காலை எடுப்பேன், எப்பவும். இன்னிக்கு யாரு எறக்குவா? எனக்கு முடிக்கத் தெரியாமப் போச்சு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முடிக்கப்போகிறார் என்று தோன்றியதும், தட்டக் கை வேண்டுமே என்று அக்கா முன்கூட்டியே பையை இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் இவர் காலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அவர் பையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை கச்சேரிகளையும் முடித்து வைத்தவர் தான்தான் என்று தெரியாமலே அக்கா போய்விட்டார். மழை நாளில் குறைபட்டதும் தன் கைங்கரியத்தைப் பற்றித்தான்! எனக்கு அழுகையும் வந்தது; ஆனால் சிரிப்புதான் முந்திக்கொண்டது.

ரமணன், இதைப் படித்தால் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். காது விஷயத்தில் ஏமாந்தீர்கள். வரம் என்று சொன்னதில் ஏமாறவில்லை.

பட்டுப்புடவையும் கடலை மிட்டாயும் ஒருபுறம் இருக்கட்டும். அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது திறந்த கண்ணும் காரணம் சொல்லாத ஆசையும்தான். அதோடு இன்னொன்று. போன வாரம் ஆரியசாலைக்குப் போய், நீலத் தார்ப்பாயில் ஒரு பை வேண்டும் என்றேன். பிரபு அளவு கேட்டான். "மடியில வெச்சுக்கற அளவு" என்றேன். அவனே கத்தரித்துத் தைத்துக் கொடுத்தான். அதில் போட்டு எடுத்துப் போக என்னிடம் ஒன்றும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். சத்தம் நன்றாக இருக்கும்வரை கீழே இறக்கமாட்டேன்.