தராசு சிஸ்டரும் ஆயிரத்து எண்ணூறு கிராமும்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. பிரசவ வார்டை ஒட்டிய குறைமாதக் குழந்தைகள் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் தராசு சிஸ்டர்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு, பால் கொடுப்பதற்கு முன்னால், குழந்தைகளை ஒவ்வொன்றாக எடை போடுவாள். சட்டை, குல்லாய், டயப்பர் எல்லாம் கழற்றி, மெஷினில் கிடத்தி, எண்ணைச் சத்தமாக அறிவிப்பாள். தாய்மார்களுக்கு அது பரீட்சை முடிவு மாதிரி. முப்பது கிராம் ஏறிவிட்டால் அன்றைக்கு அந்தத் தாய்க்குக் கால் தரையில் நிற்காது. ஐந்து கிராம் இறங்கினால் தலையணை நனையும். "அழாதேம்மா, ஐயா நேத்து மூணு தடவை வெளிய போயிட்டாரு, அதான் இளைச்சிருக்காரு" என்பாள் சிஸ்டர். ஒரு சாண் உயரக் குழந்தைகளை ஐயா, மேடம் என்றுதான் கூப்பிடுவாள். பெரியவர்களுக்குத்தான் அந்த மரியாதை கிடைக்காது.

எடை விஷயத்தில் மகா கறார். கடைத்தெருவிலும் அப்படித்தான். தக்காளிப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தே, "அண்ணே, முப்பது கிராம் குறையுது" என்பாள். திரும்ப நிறுத்துப் பார்த்தால் குறையும். கடைக்காரர்கள் அவள் தலை தெரிந்ததும் தராசைத் துடைத்து வைத்துவிடுவார்கள். "நல்ல வேளை, பொண்ணு பார்க்கப் போனப்ப என்னைத் தூக்கிப் பார்க்கல" என்று அவள் புருஷன் சொல்லாத விருந்தாளி கிடையாது.

அப்பேர்ப்பட்டவள், போன மாதம் ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்ட அவள் பையனுக்கு அப்போது ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். ஆயிரத்து எண்ணூறு வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் நாலு வயதில் ஒரு மகள். சிறுபிள்ளைகளுக்கு மாடியேற அனுமதி இல்லை. வெல்டிங் வேலை பார்க்கும் அப்பா தினமும் நாலு மணிக்கு மகளைக் கூட்டிவந்து எதிர்சாரியில் மருந்துக் கடை வாசலில் நிற்பார். அம்மா இரண்டாவது மாடி ஜன்னலில் நின்று கை காட்டுவாள்.

"தம்பியைக் காட்டு!" என்று மகள் கீழிருந்து கத்தினாள். தம்பியோ சூடான பெட்டிக்குள் இருக்கிறான், ஜன்னலோரக் காற்றுக்கு எடுத்துவரக் கூடாது. தாய் கண்கலங்கி நின்றாள். சிஸ்டர் சட்டென்று ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துச் சுருட்டினாள். "இந்தா, இதைத் தூக்கிக் காட்டு. அவ்வளவு தூரத்துக்கு என்ன தெரியப்போகுது?" துண்டின் நுனியை ஆட்டினால் தம்பி டாட்டா காட்டுவது போலவே இருந்தது. மகள் குதித்த குதியில் மருந்துக் கடைக்காரரே வெளியே வந்து பார்த்தார்.

ஒரு மாதம் ஓடியது நாடகம். முந்தாநாள் குட்டு உடைந்தது. அடித்த காற்றில் துண்டு பிரிந்து, தாயின் கையிலிருந்து முழு நீளத்துக்கும் ஜன்னலுக்கு வெளியே தொங்கிவிட்டது.

"அது துண்டு!" என்று மகள் போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது.

நேற்று மகள் வரவே இல்லை. அப்பா போனில் சொன்னார்: "வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறா. தம்பியே கிடையாதாம். அம்மாவுக்கு வீட்டுக்கு வரப் பிடிக்கலையாம். அதான் பொய் சொல்றாங்களாம்."

தாய் போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சிஸ்டருக்கு நெஞ்சே வலித்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு கிராம் கூட்டிச் சொல்லாதவள், ஒரு முழுக் குழந்தையையே கூட்டிச் சொல்லிவிட்டாளே.

நேற்றைய எடை ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து. இன்னும் பதினைந்து கிராம். டாக்டர் நாளை முதல் ஐந்து நாள் லீவு. அவர் கையெழுத்து இல்லாமல் இந்தப் பிரிவிலிருந்து ஒரு குழந்தையும் வெளியே போகாது. ஆகவே வீட்டுக்குப் போனால் இன்று. இல்லாவிட்டால் இன்னும் ஆறு நாள், அதற்குள் அந்தச் சின்ன மனசு எவ்வளவு இறுகிப்போகுமோ.

காலை எட்டே முக்காலுக்கே தாய் ஆரம்பித்துவிட்டாள்.

"சிஸ்டர், இன்னைக்கு மட்டும் பால் குடிச்சப்புறம் எடை போடலாமா?"

"முன்னாடிதான்."

"குல்லாயாவது இருக்கட்டுமே. குளிருது அவனுக்கு."

"குல்லாய் பன்னெண்டு கிராம். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

மெஷின் தட்டில் துணி விரித்து, எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் டாக்டரும் வந்துவிட்டார். கறாரில் சிஸ்டருக்கு அண்ணன். மடிப்புக் கலையாத வெளிர்நீலச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. அடுத்தவர் கண்ணை நம்பாத மனுஷர், மெஷின் மேல் குனிந்தே நின்றுகொண்டார். மற்ற ஐந்து தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளை மார்போடு துணியால் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"வாங்க ஐயா, மானத்தைக் காப்பாத்துங்க" என்று சிஸ்டர் பையனைக் கிடத்தினாள்.

ஐயா காலை உதைத்தார். எண் ஆயிரத்து எண்ணூற்றைந்துக்குப் போனது, எழுநூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு வந்தது. எண் நிலைத்தால் மெஷின் ஒரு தடவை கூவும், அப்போதுதான் கணக்கு. ஐயா ஒரு கொட்டாவி விட்டு அமைதியானார். ஆயிரத்து எண்ணூறு. ஒருத்தி கைதட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

"இருங்க, இன்னும் கூவல" என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து ஐயா ஒன்றுக்குப் போனார். மேல்நோக்கி, நல்ல வேகத்தோடு. ஒரு சொட்டு தட்டில் விழவில்லை. அத்தனையும் டாக்டரின் வெளிர்நீலச் சட்டையில், பேனா இருந்த பைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

மெஷின் கூவியது. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.

தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் எண்ணைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், மெதுவாகக் கைக்குட்டையை எடுத்தார்.

"துடைக்காதீங்க டாக்டர்!"

சிஸ்டர் போட்ட சத்தத்தில் அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"பத்து கிராம் எங்கேயும் போகல. உங்க சட்டையில இருக்கு. சந்தேகம்னா கழட்டுங்க, மெஷின்ல போட்டுப் பார்த்துடலாம்."

"சட்டையோட எடை முதல்ல தெரியணுமே" என்றார் டாக்டர். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார்.

சிஸ்டர் சட்டை நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "காஞ்சிருந்தா இருநூத்திப் பத்து. பட்டன் உள்பட."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், ஆறு தாய்மார்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தையல் வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தத்தில் நாலு குழந்தைகள் விழித்து அழ ஆரம்பித்தன. டாக்டர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றார். முடியவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கடமை மாறாமல் பையன் உடம்புச் சூட்டைப் பார்த்தார், ஐந்து நாள் எடையைப் புரட்டினார், பால் குடிக்கும் அழகைப் பக்கத்தில் நின்று பார்த்தார். எல்லாம் திருப்தி.

"எழுதுங்க சிஸ்டர். ஆனா பொய் எழுதக் கூடாது."

"நானா?" என்றவள் ரிஜிஸ்டரில் எழுதினாள்: '1790. மீதி டாக்டரிடம்.'

ஈரமான பேனாவால் டாக்டர் அதன் கீழ் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்குச் சிஸ்டர் ஜன்னலில் நின்றாள். கீழே மருந்துக் கடை வாசலில், வரமாட்டேன் என்ற மகளை அப்பா தோளில் தூக்கி வந்து இறக்கியிருந்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டைத் தாண்டித் தாய் வெள்ளைச் சுருட்டலோடு தெருவைக் கடந்து வந்து, மகள் முன்னால் மண்டியிட்டாள். மகள் குனிந்து, நம்பாமல், ஒரு விரலால் குத்திப் பார்த்தாள்.

சுருட்டல் தும்மியது.

மகள் ஓரடி பின்னால் துள்ளினாள். அடுத்த நொடி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது இரண்டாவது மாடி வரை தெரிந்தது. தராசு சிஸ்டர் மூக்கை உறிஞ்சினாள்.

சிறிது நேரம் கழித்து அம்மா மாடியைக் காட்டி ஏதோ சொன்னாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். சிஸ்டருக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கைக்கு அகப்பட்ட துண்டைச் சுருட்டி, ஜன்னலில் தூக்கிப் பிடித்து, நுனியை ஆட்டி டாட்டா காட்டினாள்.

"அது துண்டு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி மகள் சிரித்துக்கொண்டே கத்தினாள்.

"ஆமாண்டி தங்கம், துண்டுதான்!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளைவிடச் சத்தமாகத் தராசு சிஸ்டரும் கத்தினாள்.