விஷாரத்து வீட்டில் ஒரு டீச்சரம்மா படம்

காலை ஒன்பதரைக்குச் சத்துவாச்சாரியில் ஆற்காடு பேருந்து ஏறினேன். மேல்விஷாரம் பதினாறு கிலோமீட்டர்தான்; நெரிசலில் முக்கால் மணி நேரம் உருட்டினார்கள். இறங்கியதும் தோல் தொழிற்சாலை வாடை வரவேற்றது. ஐந்து நிமிடம் கைக்குட்டையைத் தேடினேன், அப்புறம் மறந்துபோனேன்.

போனது ஓர் எண்ணெய் ஓவியம் பார்க்க. என் கல்லூரித் தோழி நசீமாவின் தாதா, அதாவது அப்பாவின் அப்பா, சிறுவனாக இருந்தபோது, வீட்டோடு தங்கிப் பாடம் சொன்ன வெள்ளைக்கார டீச்சரம்மாவை உட்காரவைத்து ஓர் ஓவியர் வரைந்தது. நசீமாவின் தம்பி ரஃபீக் அதை ஏலகிரி விடுதிக்காரர் ஒருவருக்கு விலை பேசிவிட்டான். மறுநாள் வண்டி வருகிறது.

"ஊர் ஊரா படம் பாக்கறவதானே நீ? குடுக்கலாமா வேணாமான்னு பாத்துச் சொல்லுடி" என்றாள் நசீமா. அவளுக்குக் கொடுக்க மனமில்லை. காரணமும் சொல்லத் தெரியவில்லை.

"அந்தம்மா நமக்கு இன்னா சொந்தம்க்கா?" என்றான் ரஃபீக். நியாயமான கேள்விதான்.

படத்தில் டீச்சரம்மா நாற்காலியில் இருக்கிறார். வலக்கை மடியிலுள்ள புத்தகத்தின்மேல். பக்கத்தில் சிறுவன் தாதா, பின்னால் பச்சைத் திரை. சிறுவனின் தோளில் ஒரு கை. அது மட்டும் மாநிறம், நிறையக் கண்ணாடி வளையல்.

"வெள்ள பெயின்ட் கம்மியாப் போச்சுன்னு சின்னதுலேர்ந்து சிரிப்போம்" என்றாள் நசீமா.

நானும் சிரித்தேன். பிறகு கட்டைவிரலைப் பார்த்துச் சந்தேகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நசீமாவைப் பக்கத்தில் நிற்கவைத்து, என் இடக்கையை அவள் தோளில் வைத்துப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் கட்டைவிரல் அந்தப் பக்கம் வரவில்லை. தோளில் இருந்ததும் வலக்கைதான்!

"அப்போ அது டீச்சரம்மா கை இல்லையே" என்றேன்.

நசீமா திரையையே பார்த்தாள். "அந்தக் காலத்துல எங்க வீட்ல கோஷா ஜாஸ்தி. வளையல்காரர் வந்தாக்கூட திரைக்குப் பின்னாலேர்ந்து கைய மட்டும்தான் நீட்டுவாங்களாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாதாவோட அம்மாடி இவங்க. ஒரு போட்டோகூடக் கிடையாது எங்ககிட்ட."

ஓவியருக்கு முகம் காட்ட முடியாது. மகனோடு படத்தில் இருக்கவும் ஆசை. வளையலுக்கு நீட்டிய மாதிரியே கையை நீட்டியிருக்கிறார். எனக்கும் கண் கலங்கியது.

மதியம் பிரியாணி, கத்திரிக்காய்க் குழம்பு. எல்லாவற்றையும் கேட்டிருந்த ரஃபீக் சாப்பிட்டுவிட்டுப் படத்தின் எதிரில் போய் நின்றான். நான் செருப்பு மாட்டும்போது விடுதிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"வண்டி அனுப்பாதீங்க சார். ரேட் ஜாஸ்தி பண்ணாலும் வேணாம். எங்க வீட்டுப் பொம்பளைங்க இருக்காங்க அதுல. வெளி ஆளுங்க பாக்கறாப்ல எப்டி சார் மாட்டறது?"

நசீமா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.