போடிமெட்டு வளைவில் நான் எண்ணிய ஒன்பது ஒளித் துடிப்புகள்

பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்; போதும். தை மாதம் போடிமெட்டு மலையில் மூன்று மாலை குளிரில் உட்கார்ந்து நான் எடுத்த அளவீடுகளை, சரிபார்த்துத் தருகிறேன் என்று வாங்கிப்போனான் என் கல்லூரித் தோழன். இன்று அவன் பேராசிரியர். கட்டுரையாக்கித் தன் பெயரில் மட்டும் அச்சிட்டுவிட்டான். நன்றிப் பட்டியலில்கூட நான் இல்லை. அதே இடத்தில் மறுபடி அளந்து, என் குறிப்பேட்டோடும் பெயரோடும் இங்கே வெளியிடத்தான் போன வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

விஷயம் எளிது. சூரியன் மறைந்து தரை இருண்ட பிறகும், உயரே சுற்றும் ராக்கெட் துண்டுகள் மேல் வெயில் படும். துண்டு புரண்டுகொண்டே போனால் விட்டுவிட்டு மினுங்கும். கறுப்புக் குழாய்க்குள் ஒளி உணரியைப் பொருத்தி வானத்தைப் பார்த்து வைத்தால், அந்த மினுக்கம் மடிக்கணினியில் எண்ணாக ஏறும். தையில் எனக்குக் கிடைத்தவை ஒன்பது துடிப்புகள். மூன்று நாளும் அதே நேரம், அதே ஒன்பது.

மதுரை ரயில் போடிக்கு வந்தபோது பத்தே முக்கால். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிய பஸ்சில் போடிமெட்டுக்கு 26 கிலோமீட்டர், 45 ரூபாய். குழாய்க்கும் டிக்கெட் கேட்ட நடத்துநரிடம் வாதாடித் தோற்றேன். போன முறை உட்கார்ந்த பாறை மழையில் வழுக்கியது. அதனால் அதற்கு நேர் கீழே, சாலையோர டீக்கடை அருகில் குழாயைக் கிழக்கு நோக்கிச் சாய்த்து வைத்தேன்.

கடைக்கார அக்கா எட்டிப் பார்த்தார். "தை மாசம் பாறையில குந்தியிருந்தது நீங்கதானாண்ணே? கஞ்சா பார்ட்டின்னுல்ல நெனச்சோம்!" ராக்கெட் துண்டை எண்ண வந்த கதையைச் சொன்னேன்.

6.50க்கு எண்கள் துள்ளின. ஏழு துடிப்புகள். நிமிர்ந்தேன். வானத்தில் ஒன்றுமில்லை. மேல் வளைவில் ஒரு ஜீப்பு முகப்பு விளக்கை அடித்து அடித்து அணைத்தது. குழாய்க்கு எதிரே மூடுபனி வெளுத்து வெளுத்து மறைந்தது. அக்கா ஏழு கிளாசை எடுத்து வைத்தார்.

"எத்தன டீன்னு டிரைவரு ஆளுக்கு ஒரு தரம் லைட்டு அடிப்பாருண்ணே. வந்து நின்னு சொல்ல நேரமேது? ஏலத்தோட்டத்து ஆளுக வெரசா வீடு போகணும்ல."

ஜீப்பு வந்து நின்றதும் ஓட்டுநரிடம் கேட்டேன்: "தை மாசமும் இப்படித்தானா?"

"தெனமும் இதான சோலி. அப்ப ஒம்பது பேரு. காய் எடுப்பு மும்முரம்லண்ணே."

நான் எதற்காகக் கேட்கிறேன் என்று அக்கா போட்டு உடைத்துவிட்டார். ஜீப்பிலிருந்த பெண்ணொருத்தி சிரித்தாள். "ஆத்தாடி! ராக்கெட்ட எண்ணுறேன்னு நாம குடிச்ச டீய எண்ணியிருக்காரு!"

அதே ஜீப்பில் நூறு ரூபாய் கொடுத்து மலையிறங்கினேன். வழியெல்லாம் அதே பேச்சு.

போகிறவர்களுக்கு: சாலையை விட்டு விலகி உட்காருங்கள். சுற்றிவரும் துண்டு தினமும் ஒரே நேரத்தில், ஒரே எண்ணிக்கையில் மினுங்காது. அப்படிக் கிடைத்தால் முதலில் தரையைப் பாருங்கள். இது எனக்குத் தோன்றவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய அவனுக்கும் தோன்றவில்லை. திருடியவன் ஒருமுறை மலையேறி ஒரு டீ குடித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் சிரமத்தைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் செய்தது திருட்டுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஒன்பது டீயும் இப்போது அவன் பெயரில் அச்சாகிக் கிடக்கின்றன. கிடக்கட்டும். இதன் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த என் பெயரை அழித்துவிட்டேன். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.