தம்பியின் தலைவலி

நினைவு மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் உத்தரவு. "ஏலே" என்று கூப்பிட்ட தம்பியை "அவர்" என்கிறேன். ஆண்டவரிடத்தில் இருக்கும் தம்பி இதைக் கேட்டால் அவரே சிரிப்பார்.

தம்பி பிறந்தது அனுமந்தன்பட்டியில். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுத் தேனியில் ஜவுளிக்கடை வேலைக்குச் சேர்ந்தார். அது பெல்பாட்டம் காலம். கடைப் பையன்கள் காதோரம் கிருதா வளர்த்து, சினிமாக் கதை பேசியபடி மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். அவர்கள் நடுவே கண்ணை மூடி ஜெபிக்கத் தம்பிக்குக் கூச்சம். ஜெபிக்காமல் உண்ணவும் மனம் வராது. அதனால் தலைவலிக்காரரைப் போல நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார். நாகரிகத்துக்கும் ஆண்டவருக்கும் ஒரே கையால் சலாம்!

மெஸ்கார அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், இரக்கக்காரர். வேளாவேளைக்குச் சுக்குக் காப்பி கொடுத்தார். தம்பியும் மறுக்காமல் குடித்தார்.

அந்தச் சமயம் கூடலூரில் பெண் பார்த்தோம். தம்பிக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா விசாரிக்க மெஸ்ஸுக்கே வந்தார்.

"பையன் தங்கம். சோத்தப் பாத்தா மட்டும் தலைவலி வந்துருது. பெரிய டாக்டர்ட்ட காட்டணும்," என்றார் அண்ணாச்சி.

சம்பந்தம் நின்றுபோனது.

"ஏலே, என்னடா வியாதி?" என்றேன்.

"வியாதி இல்லக்கா. ஜெபம்."

"அதுக்கா சுக்குக் காப்பி குடிச்ச? கர்த்தர் என்ன களவாணியா, ஒளிச்சு வச்சுக் கும்பிட?"

தம்பி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் மெஸ்ஸில் கையைக் கூப்பி, எல்லார் காதிலும் விழ ஜெபித்தார்.

"என்ன மாப்ள, சாமியாராயிட்டியா?" என்றது ஒரு கிருதா.

"சோறு குடுத்தவருக்கு நன்றி சொன்னேன். தெனமும் சொல்றதுதான். இனி ஒளிக்க மாட்டேன்."

"சோறு குடுத்தது நானுல்ல?" அண்ணாச்சி கரண்டியோடு வந்தார்.

"உங்களுக்கும் சேத்துத்தான் அண்ணாச்சி."

"அப்ப என் சுக்குக் காப்பி?"

"நல்லா இருந்துச்சு."

அன்றே அண்ணாச்சி கூடலூருக்குப் பஸ் ஏறி உண்மையைச் சொன்னார். கல்யாணம் நடந்தது. பிறகு தம்பி பழனிசெட்டிபட்டியில் சொந்தக் கடை வைத்தார். தெருவே பார்க்க, ஜெபித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

கடைசி நாட்களில் தம்பிக்குக் கையும் எழவில்லை, குரலும் வரவில்லை. தள்ளாத வயதிலும் கஞ்சி கொண்டுவந்த மெஸ்கார அண்ணாச்சி தம்பியின் கைகளைச் சேர்த்துப் பிடித்துக் காத்திருந்தார். உதடுகள் அசைந்து நின்றதும், "ஆமென்" என்று அவரே சொல்லிவிட்டுத்தான் ஊட்டினார்.

உடனிருந்து பார்த்துக்கொண்ட அண்ணாச்சிக்கும், மருத்துவமனையில் உதவியவர்களுக்கும், சபையாருக்கும், தூரம் பாராமல் வந்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்கள். ஜெபிக்கும்போது மட்டும் நெற்றியில் கை வைக்காதீர்கள். அண்ணாச்சி சுக்குக் காப்பியோடு நிற்கிறார்.