போன் அடிக்க வேண்டும் என்று ஜெபித்தேன்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, இதை ஞாயிறு ஆராதனையில் நின்று சொல்லச் சொன்னார்கள். நடுவில் அழுதுவிடுவேன் என்பதால் எழுதிக் கொடுக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. திருமுல்லைவாயிலில் குடியிருக்கிறேன். திக்கிப் பேசுகிறவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன வருஷம் நான் இருந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆரம்பித்தேன். கேட்டுப் பெயர் கொடுத்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஈமெயிலில் ஒரு மடல் அனுப்புவேன். மூச்சை எப்படி விடுவது, பெயர் கேட்டால் பதறாமல் எப்படிச் சொல்வது என்றெல்லாம் எழுதுவேன். நூற்றுக்கணக்கானவர்கள் வாராவாரம் திறந்து படிப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டும். கடைசியில் என் நம்பரைக் கொட்டை எழுத்தில் போட்டு, "இன்றே அழையுங்கள்" என்று முடிப்பேன்.

ஒருத்தரும் அழைக்கவில்லை. மாதக்கணக்கில் போன் சும்மா கிடந்தது. அடித்தால் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான்.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். அவர் ஒருவர் சம்பளத்தில் வீடு தள்ளாடியது. அப்போதுதான் எனக்குக் குவைத்தில் ஒரு வேலை வந்தது. இரண்டு வருஷம் மகளை விட்டுவிட்டு இருக்க வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்பு. மாதக் கடைசிக்குள் பதில் கேட்டார்கள்.

"நீ இன்னா சொல்றியோ அதான். ஆனா பாப்பா உன்ன உட்டுட்டு இருக்காது" என்றார் கணவர்.

நான் ஜெபித்தேன் என்று சொல்வதைவிடச் சண்டை போட்டேன் என்று சொல்லலாம். "படிக்கிறவங்களைக் கொடுத்தீரே, பேசுறதுக்கு ஒரு ஆளைக் கொடுக்க மாட்டீரா? ஒரு தடவை இந்த போன் அடிக்கட்டும் ஆண்டவரே." இதே ஜெபம்தான் தினமும்.

நம் சபையின் உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவராக எழுந்து விண்ணப்பம் சொல்வது உங்களுக்குத் தெரியும். அந்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என் முறை வந்தது. எழுந்தேன். வார்த்தை வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசச் சொல்லிக் கொடுக்கிறவள் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

பாஸ்டரம்மா பக்கத்தில் வந்து ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் கையில் வைத்தார்.

"வாய் வரலன்னா இன்னா ஸ்டெல்லா, எழுதிக் குடு. ஆண்டவருக்குக் காது மட்டுந்தானா கீது?"

'போன் அடிக்க வேண்டும்' என்று எழுதினேன். எழுதிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொந்த சபையில், என்மேல் பிரியமானவர்கள் நடுவே வார்த்தை நின்றதற்கே எனக்கு இப்படி. வாயைத் திறக்கவே பயப்படுகிறவர்களிடம் போய், வாராவாரம் போன் பண்ணு, போன் பண்ணு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேனே. படித்த படிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. ஆண்டவர் என் வாயைக் கட்டித்தான் எனக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், அன்று அனுப்ப வைத்திருந்த மடலிலிருந்து என் நம்பரை எடுத்துவிட்டேன். "போன் வேண்டாம். உங்களுக்கு எந்த இடத்தில் வார்த்தை நிற்கிறது? இந்த மெயிலுக்கே ஒரு வரி பதில் எழுதுங்கள். நானே படிப்பேன், நானே பதில் போடுவேன்" என்று எழுதினேன். முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு அனுப்பினேன்.

காலையில் பதில்கள் வந்திருந்தன. முதலாவதை எழுதியவர் சென்னீர்குப்பத்தில் குடோனில் வேலை செய்யும் ஒரு தம்பி. பெயரை மாற்றி முருகன் என்று சொல்கிறேன். "மேடம், உங்க நம்பரைப் பல தடவை போட்டு, ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிருக்கேன். சூப்பர்வைசர் வேலை குடுத்தாங்க. போன்ல பேசணும்னு வேணாம்னுட்டேன். எனக்குத்தான் பேச வராதே, உங்ககிட்ட இன்னான்னு சொல்லுவேன்?"

அந்த மெயிலைப் படித்து வாய்விட்டு அழுதேன். நான் போனைப் பார்த்து அழுத நாட்களில் அந்தத் தம்பியும் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டேன். பயிற்சிக்கு வாருங்கள் என்று அவசரப்படுத்தவில்லை. எழுத்திலேயே பேசினோம். சிலர் அதோடு நின்றுவிட்டார்கள், அதுவும் சரி. சிலர் வீடியோவில் முகம் காட்டினார்கள், பிறகு பேசினார்கள், பிறகு பயிற்சியில் சேர்ந்தார்கள், முருகனும்தான். மாதக் கடைசியில், குவைத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு இன்றும் நான்தான் தலை பின்னிவிடுகிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் ஹலோ சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. என் பெயர் திக்குகிறவர்களுக்குக் கஷ்டமான பெயர்.

"ஸ்... ஸ்டெல்லாக்கா. முருகன் பேசுறேன். அந்த சூப்பர்வைசர் வேலைய வாங்கிக்கினேன்."

நான் கேட்ட போன் அதுதான்.

நம் சபையில் வாய் வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருந்தால், வரும் வெள்ளிக்கிழமை வாருங்கள். எழுந்து நிற்க வேண்டாம். பாஸ்டரம்மாவிடம் சீட்டும் பேனாவும் இருக்கும்.