காதைப் பொத்திய விரல்கள்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான்.

இன்று சீனன்குடா விமானத்தளப் பக்கம் ஒரு விமானம் தாழப் பறந்தது. பெரியப்பா நினைவுக்கு வந்தார். யுத்தகாலத்தில் துறைமுகத்தில் பீரங்கி சுட்டவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து விமானம் என்றாலே நடுங்குவார்.

சிறுவயதில் ஒருநாள், கூட்டாளிகளுக்கு வேடிக்கை காட்ட, மீன்சந்தையில் வைத்து, "பெரியப்பா, பிளேன் வருது!" என்று கத்தினேன்.

அவர் என்னைச் சேற்றில் தள்ளி மேலே கவிழ்ந்தார். "வாயைத் திற மகன், இல்லாட்டிக் குண்டுச் சத்தத்தில காது வெடிச்சிடும்!" என்றபடி, தன் விரல்களால் என் காதுகளை இறுக்கிப் பொத்தினார்.

"எழும்புங்கோ ஐயா, அது காகம்!" என்று சந்தையே சிரித்ததாம். எனக்கு அது கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில், "நல்லாப் பயந்திட்டியோ மகன்?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் சாகும்வரை நான் சொல்லாத உண்மையை இன்றுதான் எழுதுகிறேன்.

ஐப்பசி கடைசி வெள்ளி.