வாசனை தெரியாதவளின் அடுப்படி

ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு வாசனை தெரியாது. தெருவில் எல்லோருக்கும் போன வாசனை ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. எனக்கு மட்டும் திரும்பவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் சொந்தத்தில் எனக்கு இருந்த ஒரே பெருமை கைப்பக்குவம்தான். மூக்கே செத்துப்போனவள் வைத்த குழம்பு என்று தெரிந்தால் யார் ஆசையாகச் சாப்பிடுவார்கள்? கடுகு வெடிக்கும் சத்தத்தையும் வெங்காயத்தின் நிறத்தையும் பார்த்துச் சமாளித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே கத்தினாள்.

"அக்கா, பொருத்திராதீக! கேஸு நாத்தம் எங்க வீடு வரைக்கும் அடிக்கி!"

ஓடி வந்து சிலிண்டரை மூடி, கதவையெல்லாம் திறந்துவிட்டாள். ரப்பர் டியூபில் வெடிப்பு விட்டிருந்தது.

"உள்ளயே நிக்கிறீக, தெரியலையாக்கா?"

"சளி புடிச்சிருக்கு" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். மகளிடம் சொல்ல வேண்டாம் என்றும் கெஞ்சினேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் திட்டவில்லை. மதுரைக்குப் போய், கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றை வாங்கி வந்தார். கேஸ் கனமானது, கீழேதான் தங்கும் என்று தரையை ஒட்டி மாட்டினார். யாராவது வந்தால் நான் அரிசி டின்னை இழுத்து அதை மறைப்பேன். அவர் வந்து டின்னைத் தள்ளி வைப்பார்.

மகள் மதுரையில் வேலை பார்க்கிறாள். அவளைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வந்தார்கள். காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, திரும்பி நின்று தட்டுகளில் பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அலாரம் வீறிட்டது. பால் பொங்கித் தீயை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. பதறி அடுப்பை மூடினேன்.

மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார்.

"என்ன மதினி, இம்புட்டு நாத்தத்துலயா நின்னுக்கிட்டு இருந்தீக?"

சளி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவருக்குப் பின்னால் மகள் நின்றாள். பட்டுச்சேலையில், பயந்துபோன முகத்தோடு.

"எனக்கு வாசனை தெரியாது மதினி. காய்ச்சலுக்குப் பெறகு போயிருச்சு."

அந்த அம்மாள் "அடப் பாவமே" என்று பின்கதவைத் திறந்துவிட்டார். காற்றோட்டம் வந்த பிறகு மறுபடி பால் காய்ச்சிக் காபி கொடுத்தேன். குடிப்பதற்கு முன் அவர் டம்ளரை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். வேண்டுமென்றே செய்யவில்லை, கை தானாகப் போயிருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

பெண் பிடித்திருக்கிறது என்று மறுநாள் காலையிலேயே போன் வந்தது. மகளை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"நேத்து வந்தவுககிட்டச் சொல்லத் தெரிஞ்சுச்சு. எங்கிட்டச் சொல்லத் தோணலையாம்மா? நீ தனியா எரிஞ்சு போயிருந்தா?"

அவள் பையை ஜன்னல் வழியே நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பஸ் கிளம்பும்வரை அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.